மோகனப்பிரியாவின் ஒரிஜினல்கள்

எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும் ஆசிரியை முதல் நாளே தன் சான்றிதழ்களின் ஒரிஜினல்களை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம், பி.எட்., எல்லாம் ஒரு ஃபைலுக்குள் போய், ஃபைல் பீரோவுக்குள் போய்விடும். வருடத்தின் நடுவில் வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். இது சட்டப்படி செல்லாது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கொடுப்பவர்களும் படித்தவர்கள்தான். ரசீது தரமாட்டார்கள். கேட்டால் "நம்பிக்கை இல்லையா மிஸ்?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டே நாங்கள் எல்லாரும் கொடுத்துவிட்டு வந்தோம்.

மோகனப்பிரியா கொடுக்கவில்லை. அவளுக்காக அவள் அப்பா கொடுத்தார்.

வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலைக்குப் பின்னால் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவர்களுடையது. அப்பா திருவேங்கடம் இப்போது குட்டியானை வண்டியில் தண்ணீர் கேன் போடுகிறார். அதற்கு முன்னால் கீரை போட்டார்கள். கீரை போட்ட நிலத்தில்தான் எங்கள் பள்ளி நிற்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் கரஸ்பாண்டென்ட் கோவிந்தராஜ் அதை வாங்கினார். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அதற்கு மேல் ஒரு உறவும் கிடையாது. ஆனால் திருவேங்கடம் அப்படி நினைக்கவில்லை. கோவிந்தராஜ் தெருவில் பார்த்தால் கார் கண்ணாடியை இறக்கி "இன்னா நைனா, சௌக்கியமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைத் திருவேங்கடம் ஒரு சொந்தமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். மகள் சேர்ந்த அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். வெற்றிலை பாக்கு, ஆப்பிள் வைத்த தட்டின் மேல் அவளுடைய ஃபைலையும் வைத்து, இரண்டு கையாலும் கரஸ்பாண்டென்டிடம் நீட்டினார். பெண் கொடுப்பதுபோல் இருந்தது. மோகனப்பிரியா என்னிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பள்ளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பலகையில் பெயரைவிட 'இன்டர்நேஷனல்' என்ற சொல் பெரிதாக இருக்கும். உள்ளே வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் நேபாளத்து வாட்ச்மேன் ஒருவர்தான். நீச்சல் குளம் என்று விளம்பரத்தில் போட்ட இடத்தில் மூன்று வருடமாக மணல் கொட்டிக் கிடக்கிறது.

அவள் எங்களிடம் வந்ததே வேறு இடம் போவதற்காக. பத்தாவது வரை தமிழ் மீடியம், பிறகு ஆங்கிலம், பி.எஸ்சி. இயற்பியல், நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஒன்றில் பி.எட். படிப்பு முடித்த கையோடு நிஜமான இன்டர்நேஷனல் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்திருந்தாள். குழந்தைகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், கேள்வி கேட்கவிட்டுக் கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறதாமே, அங்கே ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்பாள். இருபத்து மூன்று இடங்களுக்கு அனுப்பினாள். பத்தொன்பது இடத்திலிருந்து பதிலே இல்லை. மூன்று இடங்களில் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். ஒரு பள்ளியில் வீடியோவில் பேசிய பெண்மணி, பாடம் நன்றாக இருக்கிறது, ஆனால் பேச்சில் தாய்மொழியின் சாயல் அதிகம், எங்கள் பெற்றோர் ஏற்கமாட்டார்கள் என்று கனிவாகச் சொன்னாராம். நியூட்டனுக்கும் தாய்மொழியின் சாயல் இருந்திருக்கும். அவர் தாய்மொழி ஆங்கிலமாக இருந்ததால் தப்பித்தார்.

அந்த அனுபவத்துக்காகத்தான் ஜூனில் எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அறிவியல். வகுப்பு முடிந்து, பஸ் டியூட்டி முடிந்து, வீட்டுக்குப் போன பிறகும் விண்ணப்பங்களை நிறுத்தவில்லை. அக்டோபரில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்துப் பள்ளி ஒன்று பத்து நிமிடப் பாட வீடியோ கேட்டது. வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடக்கும் பள்ளி. புதிதாகப் பட்டம் பெற்றவர்களை உதவி ஆசிரியையாக எடுத்து, இரண்டு வருடம் மூத்த ஆசிரியரோடு நிற்க வைத்துப் பழக்குவார்கள். அப்படி எடுக்கும் இடங்கள் மிகக் குறைவு.

அவள் மொட்டைமாடியில், அப்பாவின் பழைய தண்ணீர் கேன் ஒன்றில் மேலும் கீழுமாக மூன்று துளை போட்டாள். எந்தத் துளையில் தண்ணீர் தூரமாகப் பாயும், ஏன், என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரிடம் கேட்டாள். மேல் துளைதான் என்றான் ஒருவன். தப்பு என்று சொல்லாமல், அப்படியென்றால் எந்த இடத்தில் நின்றால் நனைவாய், போய் நில் என்றாள். அவன் போய் நின்றான். நனையவில்லை. ஏன் நனையவில்லை என்று அவனே யோசித்துச் சொன்னான். ஃபோனைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டி எடுத்த அந்த வீடியோவை எனக்கும் அனுப்பினாள். எனக்கு வாத்தியாராக இப்படி ஒருத்தி இருந்திருந்தால் நான் இயற்பியலை விட்டு ஓடியிருக்கமாட்டேன்.

நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை அந்தப் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஜனவரியில் சேரலாம். ஆனால் வரும் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஆறு நாள் இருந்தது. ஒரிஜினல்கள் பீரோவில் இருந்தன.

திங்கட்கிழமை காலை பிரின்சிபால் ரேகா மேடத்தைப் பார்த்தாள். வேலையை இப்போதே விடவில்லை, அரையாண்டுத் தேர்வு முடியும்வரை இருக்கிறேன், பாடத்தையும் முடித்துக் கொடுக்கிறேன், சான்றிதழ்கள் மட்டும் ஒரு நாளைக்கு வேண்டும் என்றாள். இதைவிட நியாயமாக ஒருவர் கேட்க முடியாது. மேடம் அவளை உட்காரச் சொல்லவில்லை. நடுவில் போவது தர்மமில்லை, ஏப்ரலில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். நாம் எல்லாரும் ஒரு குடும்பம் என்றார். அதற்குப் பிறகுதான் உண்மையான காரணம் வந்தது.

"புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் வெச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து ஒரிஜினல் கேக்குறீங்களே மோகனா, உங்களுக்கே நல்லாருக்கா?"

மேல்வகுப்புகளுக்கு அனுமதி கேட்டுப் பள்ளி விண்ணப்பித்திருந்தது. போர்டிலிருந்து இருவர் வந்து பார்ப்பார்கள். ஆசிரியர்கள் தகுதியானவர்களா என்று ஒவ்வொருவர் சான்றிதழையும் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் பதினேழு பேரில் பி.எட். முடித்தவர்கள் ஒன்பது பேர். அறிவியலுக்கு அவள் ஒருத்திதான். பி.எட். இல்லாத எட்டுப் பேருக்குப் புதன்கிழமை விடுமுறை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆக, அவள் போவதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. அவளுடைய காகிதம் போவதுதான் கவலை.

அன்று மாலை அவள் அப்பாவிடம் சொன்னாள். அவர் கவலையே படவில்லை. இதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களா, நான் கேட்டால் கொடுக்காமல் போவாரா என்றார். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, கேன் போடப் போகிற வழியில் வண்டியைக் கரஸ்பாண்டென்ட் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தார். அடுத்த வருடக் காலண்டர் ஒன்று கையில் இருந்தது.

அவர் வீட்டுக்குத் திரும்பியபோது அவள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குடுத்தாரா என்று கேட்டாள்.

"அவுரு நல்ல மனுசன்மா. காபி குட்த்தாரு. சோபால குந்த வெச்சாரு."

"நைனா, சர்ட்டிபிகேட்டு குடுத்தாரா?"

"எம் பொண்ணு மாரி அதுன்றாரு. பொறந்த ஊட்ட வுட்டுட்டு நடுவுல போவுமா ஒரு பொண்ணுன்றாரு. நா இன்னா சொல்றது? ஏப்ரல் மாசம் நானே ஊட்டாண்ட வந்து குடுக்கறேன்னு சொல்லிக்கீறாரு."

"ஏப்ரல் மாசம் அந்த வேல எனக்கு இருக்காது."

"வேற வேல வரும். நா ரெண்டு கையும் கூப்பிக் கேட்டேம்மா. இதுக்கு மேல இன்னா செய்ய சொல்றே? கால்ல வுழவா?"

அவர் கை கூப்பினார் என்பதைக் கேட்டபோது தனக்குக் கோபம் வந்தது என்று அவள் சொன்னாள். முதலில் அப்பாமேல்தான் வந்ததாம். தன் நிலத்தில் பள்ளி கட்டியவர் வீட்டில் ஒரு மனிதன் ஓசிக் காலண்டருக்காகச் சந்தோஷப்படுகிறானே என்று. பிறகு, அவரைச் சோபாவில் உட்கார வைத்து, காபி கொடுத்து, நைனா என்று கூப்பிட்டே வெறுங்கையோடு அனுப்பியவர்மேல் வந்தது. அது போகவில்லை.

"நா பொறந்த ஊடு அதில்ல, இதுதான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்று பிற்பகல் நூலகத்தில் எங்களுக்கு ஒத்திகை. ஒன்பது பேரும் வரிசையில் நின்றோம். மேடம் இன்ஸ்பெக்டராக நடித்தார். சம்பளம் வங்கியில் வருகிறதா, வாரத்துக்கு எத்தனை பீரியட், நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஏழாவது கேள்வி, உங்கள் ஒரிஜினல்கள் எங்கே இருக்கும் என்பது. போர்டின் ஆட்கள் இதைக் கட்டாயம் கேட்பார்களாம். பதில்: "வித் மீ, சார். அட் ஹோம்." இன்று உங்களுக்குக் காட்டுவதற்காக எடுத்து வந்தேன் என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பது பேரும் வரிசையாகச் சொன்னோம். மழலையர் வகுப்பில் பாட்டுச் சொல்வதைப்போல. என் முறை வந்தபோது நானும் சொன்னேன். உச்சரிப்பு நன்றாக இருக்கிறதென்று மேடம் பாராட்டினார்.

புதன்கிழமை ஃபைல்கள் எங்கள் கைக்கு வரும், அறைக்குள் போய்க் காட்டிவிட்டு வெளியே வந்ததும் கதவருகே அலுவலக ஜமீலா அக்கா வைத்திருக்கும் டிரேயில் வைத்துவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. யாரும் மறக்கக் கூடாது என்று மேடம் சொன்னபோது மோகனப்பிரியாவைப் பார்த்தே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

புதன்கிழமை வாசலில் கோலம், வாழை மரம். மணல் கொட்டிய இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் பச்சைப் பாய் விரித்து விளையாட்டிடம் என்று பலகை நட்டிருந்தார்கள். வந்தவர்கள் இருவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். பதினோரு மணிக்கு எங்களை ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டார்கள். ஜமீலா அக்கா பீரோவைத் திறந்து ஃபைல்களை எடுத்துக் கொடுத்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் தன் பட்டத்தைத் தொட்டாள். கவரைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அவளுக்கு அடுத்தது நான். கதவு திறந்தே இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

அந்த அம்மாள் சான்றிதழ்களைப் புரட்டினார். எதிரே மேடம், பக்கத்தில் கரஸ்பாண்டென்ட் கோவிந்தராஜ். என்ன பாடம் நடக்கிறது என்று அம்மாள் கேட்டார். அழுத்தம் என்றாள். எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டதும், அவள் கேனைப் பற்றியும் மூன்று துளைகளைப் பற்றியும் சொன்னாள். அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அதற்குப் பிறகு அந்த ஏழாவது கேள்வி வந்தது.

"வித் மீ, மேடம். அட் ஹோம்" என்றாள் மோகனப்பிரியா. ஒத்திகையில் சொன்ன அதே குரல். உங்களுக்குக் காட்டுவதற்காக இன்று எடுத்து வந்தேன் என்றும் சேர்த்தாள்.

அம்மாள் ஃபைலை மூடிக் கொடுத்தார். மோகனப்பிரியா அதை வாங்கினாள். தோளிலிருந்த பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஜிப்பைத் திறந்து ஃபைலை உள்ளே வைத்து ஜிப்பை மூடினாள். அவசரமே இல்லை.

மேடம் சிரித்த முகத்தோடு, குரலைத் தாழ்த்தி, "மோகனா, ஃபைல வெளிய ஆபீஸ்ல வெச்சிட்டுப் போங்க" என்றார்.

அவள் ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள். எதற்கு மேடம், இது வீட்டில்தானே இருக்கும், வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றாள்.

அந்த அம்மாள் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். பிறகு கரஸ்பாண்டென்டைப் பார்த்தார். கோவிந்தராஜ், "கரெக்ட், கரெக்ட், வீட்டுக்குத்தான்" என்றார். அவர் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அவளைத் தடுக்க வேண்டுமென்றால், பள்ளி பொய் சொல்கிறது என்று அவரே சொல்ல வேண்டும். அனுமதி வேண்டுமே, எப்படிச் சொல்வார்?

அவள் வெளியே வந்தாள். ஜமீலா அக்கா டிரேயை நீட்டினார். அவள் பையைப் பார்த்தார். டிரேயை மடிமேல் வைத்துக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அது என் பெயர். நான் உள்ளே போனேன், பாராட்டு வாங்கிய உச்சரிப்போடு பதில் சொன்னேன், வெளியே வந்து என் ஃபைலை டிரேயில் வைத்தேன். எனக்குப் பின்னால் வந்த ஐந்து பேரும் வைத்தார்கள். வழி திறந்திருந்தது. அவள் அதிலேயே நடந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாங்கள் ஆறு பேரும் வைத்தோம். இதை எழுதும்போதும் எனக்கு யார்மேல் அதிகக் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை.

வந்த இருவருக்கும் புரியாமல் இருந்திருக்காது. முப்பது வருடம் பள்ளிகளில் இருந்தவர்கள். எழுதிக்கொள்ள வேண்டியதை எழுதிக்கொண்டு, முந்திரி பக்கோடா சாப்பிட்டு, சால்வை போர்த்திக்கொண்டு போனார்கள்.

மோகனப்பிரியா அன்று பிற்பகல் இரண்டு பீரியடும் எடுத்தாள். வியாழக்கிழமை காலை வாட்ச்மேன் அவளைக் கேட்டிலேயே நிறுத்தினார். உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு என்றார். அவருக்கே சங்கடமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் போவது தர்மமில்லை என்று சொன்னவர்கள், அவள் இருக்கிறேன் என்று கேட்ட ஒரு மாதத்தைக்கூட அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு அறிவியல் பீரியடில் கணக்கு மிஸ் வந்து, நோட்டில் ஏதாவது எழுதுங்கள் என்றார்.

கரஸ்பாண்டென்ட் திருவேங்கடத்துக்கு ஃபோன் செய்தார். இந்தமுறை நைனா இல்லையாம், யோவ் என்றாராம். உன் பெண் நம்பிக்கைத் துரோகம் செய்துவிட்டாள் என்றார். திருவேங்கடம் அதை அப்படியே வீட்டில் வந்து கொட்டினார். ஊரில் தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டாய் என்று கத்தினார். அவள் வெள்ளிக்கிழமைக்குச் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று பஸ் மாறிப் போனாள். மழை. ஃபைலை இரண்டு பாலிதீன் கவரில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாளாம். பன்னிரண்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு சின்ன அறை, அதில் ஞானகுமாரி என்று பெயர்ப்பலகை வைத்த மேசை. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஒரிஜினலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார், நகலில் முத்திரை குத்தினார். முன்பிருந்த பள்ளியின் விடுவிப்புக் கடிதம் எங்கே என்று கேட்டபோது அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். இந்த இடத்தில் எல்லாம் போய்விடும் என்றுதான் நினைத்தாளாம். அவர் கேட்டுவிட்டு, 'தர மறுத்துவிட்டார்கள்' என்று படிவத்தில் எழுதி, கீழே அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு ஒரிஜினல்களை அடுக்கி மேசையின் இந்தப் பக்கம் நகர்த்தினார்.

அவள் எடுக்கவில்லை. அடுத்து எங்கே ஒப்படைப்பது என்று கேட்டாள்.

"எங்களுக்கு எதுக்கும்மா?" என்றார் அவர். "உங்களோடதுதானே. எடுத்துட்டுப் போங்க. ஜனவரி ரெண்டாம் தேதி வந்துடுங்க."

சாயங்காலம் எனக்கு ஃபோன் செய்தாள். ஐயப்பன்தாங்கல் டெப்போவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். நான் வாழ்த்துச் சொன்னேன். சந்தோஷமா என்று கேட்டேன்.

"ஏழு நிமிஷம் மிஸ்" என்றாள். "மொத்தமே ஏழு நிமிஷ வேலை அது. பாத்தாங்க, குடுத்துட்டாங்க. இதுக்கா எங்கப்பாவ கைகூப்ப வெச்சானுங்க?"

அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

"அவுருகிட்ட இத எப்பிடிச் சொல்றதுன்னே தெரியல மிஸ். வேல கெடச்சத சொல்லிடுவேன். ஏழு நிமிஷத்த எப்பிடிச் சொல்றது?"

அவளுடைய பஸ் வந்துவிட்டது. கூட்டம் என்றாள், ஃபைல் நனைந்துவிடும் என்றாள், வைத்துவிட்டாள்.